கோட்டை இல்லாத பின்னட்டை

பார்சலைப் பிரித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த புதுப் புத்தக வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எல்லாரும் முன்னட்டையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் கவிழ்த்துப் பின்னட்டையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான், பயப்படாதே. வந்துட்டுதுடி நம்ம நாவல்.

செஞ்சி கடைத்தெருவில் உன் பாத்திரக்கடையில், அண்டாக்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் அதன் கையெழுத்துப் பிரதியை நீ படித்தாய். தொண்டூரில் மல்லாட்டை மில்லுக்குக் கடலை உடைக்கப் போகிற தங்கச்சி. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடிப்போன அக்கா. பன்னிரண்டு வருஷம் அந்தக் குழந்தையைத் தன் மகளாகவே தங்கச்சி வளர்த்துவிட்ட பிறகு, 'வர்றேன்' என்று அக்காவிடமிருந்து ஒரு போன். இவ்வளவுதான் கதை. கடைக்கு ஆள் வந்தால் பக்கத்துக்கு நடுவில் ஒரு கரண்டியை வைத்து மூடிவிட்டுப் போவாய். படித்து முடித்த அன்று மூக்கைச் சிந்தினாய். அதுக்கு மேல எந்த விருதும் வேணாம்னு இருந்தது எனக்கு.

பின்னட்டைக் குறிப்பை எழுதிக்கொண்டு வந்து காட்டினேன் பார், அங்கேதான் வினை. "விண்ணை முட்டும் கோட்டையின் நிழலில், காலம் உறைந்த பாறைகளின் நடுவே" என்று ஆரம்பித்துப் பதினாறு வரி. இது நம்ம ஊர்க்காரர்களுக்கு உள்ள வியாதி. கல்யாணப் பத்திரிகையோ, மளிகைக்கடைப் பையோ, டியூஷன் சென்டர் போர்டோ, கோட்டையைப் போடாவிட்டால் நமக்குக் கை நிற்காது. நிமிர்ந்து அதைப் பார்க்கிறோமா என்றால் அதுவும் இல்லை. நீ நிதானமாகக் கேட்டாய்: "கதையில ஒருத்தியும் மலை ஏறலையேடி. கோட்டை இன்னாத்துக்கு?" அதோடு விட்டாயா? பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் நீயே ஒன்று எழுதி நீட்டினாய்.

"அக்கா வரலைன்னா கவலை இல்ல. வந்துட்டாதான் பிரச்சினை."

வந்ததே எனக்குக் கோபம். சினிமா போஸ்டரா ஒட்டப்போறோம் என்று கத்தினேன். பாத்திரம் விக்கிறவளுக்கு இலக்கியம் இன்னா தெரியும் என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். ஒன்பது நாள் உன் கடைப் பக்கமே வரவில்லை. பத்தாம் நாள் நீயே வீட்டுக்கு வந்து, சாப்டியா என்று கேட்டுச் சண்டையை முடித்துவைத்தாய். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, குறிப்பையும் மாற்றவில்லை. அடுத்த ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷம்தான் நாவலுக்கு ஒரு பதிப்பாளர் கிடைத்தார். அவர் பின்னட்டையைப் படித்துவிட்டு, சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கும்மா, இதைப் படித்தால் எவனும் கையில் எடுக்கமாட்டான் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நல்லதாக ஒன்று வராவிட்டால் புத்தகம் அடுத்த வருஷத்துக்குத்தான். பத்து வருஷம் எழுதிய நாவல், ஒரு பின்னட்டையில் வந்து மாட்டிக்கொண்டது.

தெரிந்த வாசகர்கள், எழுதுகிறவர்கள் என்று ஐந்து பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டேன். ரிடையரான தபால்காரர் ஒருவர், எந்த ராஜா காலத்துக் கதை என்று விசாரித்தார். சிறுகதை எழுதும் விழுப்புரத்து நண்பர், பதினாறு வரியில் ஒரு மனுஷிகூட இல்லையே என்றார். ஒரு நர்சம்மா, மலை ஏறப் போகிறவர்களுக்கான புத்தகம் என்றே நினைத்துவிட்டாராம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன். பிறகு ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்தேன், ஆனால் கோட்டையை எடுக்க மனசு வரவில்லை. பதினாறு வரி இருபத்திரண்டு வரி ஆனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை காலையில்தான் நீ வேலை செய்கிற விதம் ஞாபகம் வந்தது. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதற்கு நீளமாக எழுதிக்கொண்டு வருவார்கள். மெஷினைத் தொடுமுன் அதைக் கடையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பாய். சம்பந்தமே இல்லாத ஒருத்தரைப் பிடித்து, யாரு யாருக்குக் குடுக்குறாங்க என்று கேட்பாய். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் வெட்டமாட்டாய். வெட்டின எழுத்தை அழிக்க முடியாதே.

நேராக உன் கடைக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார், நாலு பெண்கள் காத்திருந்தார்கள். வெட்கத்தை விட்டு இருபத்திரண்டு வரியையும் வாசித்தேன். கோயில் நோட்டீஸா என்று கேட்டாள் ஒருத்தி. கோட்டையை அடித்தேன். வாசித்தேன். பாறையை அடித்தேன். வாசித்தேன். ஐந்தாம் தடவை தங்கச்சியும் குழந்தையும் போனும் மட்டும் மூன்று வரியில் மிஞ்சின. நாலாவதாக என் கை உன் வரியை எழுதியது.

அதை வாசித்து நிமிர்ந்தபோது, நோட்டீஸா என்று கேட்டவள் என் பக்கமே நகர்ந்து வந்திருந்தாள். "அப்புறம் அவ வந்தாளா, இல்லியா?" என்றாள். பெத்தவளுக்குத்தான் புள்ள என்று ஒருத்தி ஆரம்பிக்க, வளர்த்தவ என்ன ஏமாளியா என்று இன்னொருத்தி பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் பஸ்ஸையே விட்டுவிட்டார்கள். எதையும் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாத நான், அன்றைக்கு முடிவைச் சொல்லவே இல்லை. புக்கு வரட்டும், படிங்க என்றேன்.

மத்தியானம் அனுப்பினேன், பத்தே நிமிஷத்தில் பதிப்பாளர் கூப்பிட்டார். பிரமாதம் என்றார். கடைசி வரியை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடலாமா என்று இழுத்தார். ஒரு எழுத்தைத் தொட்டாலும் புத்தகமே வேணாம் என்றேன். அப்படியே வந்திருக்கிறது.

பாத்திரம் விக்கிறவ என்று நான் சொன்ன சொல் இன்னும் நெஞ்சிலேதான் கிடக்கிறது, அது இறங்காது. பின்னட்டைக் குறிப்பு எழுதினவர் பெயரைப் போடும் வழக்கமும் இல்லை. அதனால் உனக்கே சொல்கிறேன், கேட்டுக்கோ. அந்தச் சண்டையில நீதான்டி ஜெயிச்ச. தோத்துப்போனதுல எனக்கு இவ்வளவு சந்தோஷம் இந்த ஜென்மத்துல வந்ததில்ல.