தரையில் உட்கார்ந்து கேட்ட துட்டி

சாரல் தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வந்து நேரே என் இடது முட்டியில்தான் உட்காருகிறது. இன்று காலை முட்டிக்குப் போடும் கம்பளி உறையைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறியபோது உன் ரப்பர் பட்டை கையில் சிக்கியது. பச்சை நிறம். மடிப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நீ தடவிவைத்த பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. உடற்பயிற்சிப் பட்டைக்குக்கூட மல்லிகைப் பவுடர் போடுகிற பவுசு உனக்குத்தான் வரும்.

என் பட்டை மஞ்சள். பிசியோதெரபி அறையில் மஞ்சள்தான் ஆக இளகியது, புதிதாக வருகிற நோயாளிகளுக்குக் கொடுப்பது. பச்சையை இழுக்க வலு வேண்டும். முட்டி கிழிந்தவள் நான், பச்சைப் பட்டை வாங்கியவள் நீ. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த நிறத்தைப் பார்த்ததும் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நேற்று இலத்தூர் போய் உன் அம்மாவிடம் உன் சாவுக்குத் துட்டி கேட்டுவிட்டு வந்தேன். பதினாறாம் நாளுக்குள் கேட்க வேண்டிய துட்டியை ஒருத்தி இத்தனை மாதம் கழித்துக் கேட்கப் போனாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அங்கே நடந்ததைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ஐந்தருவியில் வழுக்கியது உன் கால்தான். அதை மறந்துவிடாதே. பெண்கள் பக்கம் அன்றைக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தண்ணீர் மண்டையில் அறைகிற சுகத்தில் நீ இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போனாய். பாசியில் கால் வைத்தாய். விழுகிறவள் தனியாக விழுந்திருக்கலாம், என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் பாறைமேல் விழுந்தேன், நீ என்மேல் விழுந்தாய். உனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. எனக்கு முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து, வாக்கரோடு வீட்டுக்கு வந்தேன். கல்லூரியில் கோ-கோ ஆடிய காலத்திலிருந்தே நம் கணக்கு இதுதான். மூச்சு வாங்க ஓடுவது இரண்டு பேரும், கோப்பை வாங்க மேடைக்குக் கூப்பிடுவது உன்னை.

தென்காசியில் அந்த பிசியோ பெண் முதல் நாளே சொன்னாள். "கால் கெடந்தாக் கெடக்கட்டும் மேடம், மத்த உடம்பக் கெடத்திராதீங்க. எடை ஏறுச்சுன்னா அத்தனையையும் அந்த முட்டிதான் செமக்கணும்." நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கையில் பிடித்துத் தலைக்குமேல் தூக்க வேண்டும், காற்றில் குத்துவிட வேண்டும், நல்ல காலை நீட்டி மடக்க வேண்டும், கடைசியில் பட்டையை மாட்டிக் கெட்ட காலை. நான் வீட்டுக்கு வந்து பாட்டில்களை அடுக்களையில் வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். என் வீட்டுக்காரர் கெஞ்சினார், கேட்கவில்லை. மறுநாள் காலையில் நீ வந்தாய். ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஏட்டி, நீ எதுக்கு உக்காருத? ஒனக்கென்ன கேடு?"

"நாற்காலி என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நானும் உக்காந்துதான் செய்யப் போறேன். யாரு முதல்ல களைக்கான்னு பாப்பமா?"

நான்தான் முதலில் களைத்தேன். தினமும் நான்தான். நீ வேண்டுமென்றே செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினால் அசையாதவள், எரிச்சல் மூட்டினால் எழுந்துவிடுவாள் என்று என்னைப் பற்றி உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தே போட்ட தூண்டிலைத் தெரிந்தே கவ்வினேன். "கை என்ன வாழைத்தண்டா? இன்னும் மேல தூக்குட்டி மூதி" என்பாய். உன்னைத் திட்டுவதற்காகவே தூக்குவேன். வியர்வை ஊற்றும். அதெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாத ஒன்று கடைசியில் வரும். எல்லாம் முடிந்ததும் நீ எழுந்திருப்பாய். கையை ஊன்றாமல், முகத்தைச் சுளிக்காமல், யோசிக்காமல், சும்மா எழுந்திருப்பாய். எழுந்து என் அடுக்களைக்குள் போய் எனக்கே காபி போட்டு எடுத்து வருவாய். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து உன் முட்டிகள் இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு வயிற்றெரிச்சலை நான் யார்மேலும் பட்டதில்லை, உன்மேல்கூட அதற்கு முன் பட்டதில்லை.

போதாக்குறைக்கு நீ இளைத்தாய். என் முட்டிக்காகச் செய்த பயிற்சியில் உன் இடுப்பு சிறுத்தது. ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாய். என் வீட்டுக்காரர் ஒருநாள், "அவளப் பாரு, கல்யாணப் பொண்ணு கணக்கா ஆயிட்டா" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்ததே பெரிது. நீயோ அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாய். "அண்ணாச்சி, அவளுக்கு மட்டும் கால் சரியாவட்டும், என்னயத் தூக்கிச் சாப்பிட்டுருவா" என்றாய். தோற்றவளுக்கு ஆறுதல் சொல்வதுகூட உனக்கு ஒரு அழகாக வந்தது.

பிறகு ஒரு காலையில் நீ வரவில்லை. நான் பாட்டில்களை நிரப்பி வைத்துக்கொண்டு, இன்றைக்காவது இவளை ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். உன் வீட்டுக்காரர் போன் செய்தார். குளித்துவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவ்வளவு நல்ல உடம்பை வைத்துக்கொண்டு இப்படியா செய்வாள் ஒருத்தி?

மேலகரத்தில் உன் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். உள்ளே பெண்களின் அழுகைச் சத்தம். துட்டி வீட்டில் பெண்கள் எப்படி அழுவார்கள் என்று உனக்குத் தெரியும். நின்றுகொண்டு அழுவது அழுகையே இல்லை. வருகிறவள் தரையில் உட்கார வேண்டும், பெற்றவளின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவள் இவளைக் கட்டிக்கொள்வாள், ஒருத்தி தோளில் ஒருத்தி முகம் புதைத்து அப்படியே ஆடி ஆடி அழுவார்கள். என் முட்டியோ அப்போது நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மேல் மடங்காது. நிலைப்படியில் வாக்கரோடு நின்றேன். தலைகளுக்கு மேலாக உன் நெற்றி மட்டும் தெரிந்தது. யாரோ இரக்கப்பட்டு, "எம்மா, காலு முடியாதவ நிக்கா பாரு, ஒரு சேரப் போடுங்க" என்றார்கள். உள்ளே சேர் போட இடமில்லை. பந்தலில் போட்டார்கள். ஆண்களுக்கு நடுவில்.

அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், உன்னைத் தூக்குகிற வரைக்கும். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் இந்த வருஷம் சாரல் எப்போது விழும் என்று என்னிடம் கேட்டார். காபி கொடுத்தார்கள், குடித்தேன். உள்ளே உன் அச்சன்புதூர் பெரியம்மா மகள், கல்யாண வீட்டில்கூட உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், உன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு புரண்டு அழுதாள். நன்றாகச் சம்மணம் போட்டு, மடிந்து, உன் அம்மாவின் மடியிலேயே விழுந்து அழுதாள். எனக்கு அவளை இழுத்து வெளியே போட வேண்டும் போல இருந்தது. உன்னைத் தெரியாதவர்கள் எல்லாம் உன் பக்கத்தில் தரையில் இருந்தார்கள், நான் சேரில் இருந்தேன். வெளியே போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள், "நல்லா நடக்கிறவ போயிட்டா, நடக்க முடியாதவ இருக்கா பாத்தியா?" அது என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது.

அன்றைக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரவில்லை எனக்கு. சேரில் உட்கார்ந்து அழ எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பிசியோ பெண்ணிடம் போய், எனக்குத் தரையில் உட்கார வேண்டும் என்றேன். அவள் திகைத்துவிட்டாள். "எதுக்கு மேடம்? இனிமே தரையில உக்காராதீங்கன்னுதான் டாக்டரே சொல்லுவாரு. நீங்க நடக்கீங்க, படி ஏறுதீங்க, அது போதாதா?"

"ஒரு தடவ உக்காந்தாப் போதும். அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். அவசரப்படக் கூடாது, வலி கூடினால் நிறுத்த வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தொடங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து எழ வேண்டும். அது பழகியதும் ஸ்டூலில். அது பழகியதும் முக்காலியில். அப்புறம் அடுக்கிவைத்த தலையணைகளில். வாரத்துக்கு ஒரு தலையணையை அவள் உருவுவாள். வீட்டுச் சாமான்களில் ஒவ்வொரு படியாக நான் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். வலியில் உயிர் போனது. பக்கத்தில் நாற்காலி போட்டு, "ஏன் கோழி கணக்கா முழிக்க?" என்று கேட்க நீ இல்லை. யாரை ஜெயிப்பது என்றே தெரியாமல் பயிற்சி செய்வது எவ்வளவு கேவலமான காரியம் தெரியுமா?

அதனால் ஊரில் உட்கார்ந்திருக்கிற எல்லார்மேலும் பொறாமைப்பட்டேன். தென்காசிக் கோயில் வாசலில் அந்தக் காற்றில் சேலையைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு பூக்கட்டுகிறவள்மேல் பட்டேன். பஸ் ஸ்டாண்டில் மூட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்து ஆலங்குளம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆச்சிகள்மேல் பட்டேன். அவர்கள் என் அம்மா வயதுக்காரர்கள். பஸ் வந்ததும் துணியை உதறிக்கொண்டு எழுந்து ஓடுகிறார்கள். இந்த ஊரில் எல்லாருக்கும் முட்டி இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று ரோட்டில் நின்று வயிறெரிந்தேன். வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலிலேயே இன்னும் கொஞ்சம் மடக்குவேன்.

போன வாரம் கடைசித் தலையணையும் போனது. தரை.

நேற்று மத்தியானம் இலத்தூர் போனேன். உன் அம்மா உள் அறையில் சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "சேர் அந்தா கெடக்கு, எடுத்துப் போட்டுக்கோ" என்றார்கள். நான் கதவு நிலையைப் பிடித்தேன். நல்ல காலை மடக்கினேன், சுவரோடு முதுகைத் தேய்த்தபடி இறங்கினேன். பாதியில் முட்டி சுரீர் என்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன். உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மாவின் தோளும் என் தோளும் ஒரே உயரத்தில் இருந்தன.

"இப்பந்தான் வாரியாட்டி?"

"காலு மடங்கலம்மா. ஒங்கள மாதிரி தரையில இருந்து, ஒங்களக் கட்டி அழணும்னு இருந்தேன். இப்பந்தான் மடங்குது."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, பந்தலில் வராதது, ஒரு வருஷமாக வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. அவர்கள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நான் சத்தம் போட்டு அழுதேன். வெட்கமில்லாமல், ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதேன். அந்த அச்சன்புதூர்க்காரி அழுததெல்லாம் ஒரு அழுகையா?

அழுது ஓய்ந்த பிறகு உன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் முட்டியைப் பார்த்தார்கள்.

"இந்த முட்டிதானா அது? தெனமும் சாயங்காலம் போன் பண்ணுவா. 'எம்மா, இன்னைக்கு அவ காலு இம்புட்டு மடங்கிட்டு. எம்மா, இன்னைக்கு அவ வாக்கர விட்டுட்டு நின்னா.' தெனமும் இதே கதைதான். எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு எம்புட்டு வருசமாச்சு! உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆளு வேணும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'ஒனக்கு எப்படிம்மா இருக்கு'ன்னு கேட்டிருப்பாளா? கேக்கல. பெத்தவ முட்டி அவளுக்கு முட்டியாத் தெரியல. ஒன்மேல எனக்கு அப்பிடி எரியும்ட்டி. நீ பந்தலோட போயிட்ட, உள்ள வந்து எங்கிட்ட துட்டி கேக்கல, கேக்காம இருந்தா இருக்கட்டும்னுதான் இருந்தேன்."

உன்னைப் பார்த்து நான் எரிந்துகொண்டிருந்த நாளெல்லாம் என்னைப் பார்த்து எரிய இலத்தூரில் ஒருத்தி இருந்திருக்கிறாள். என் வாழ்க்கையில் யாரும் என்மேல் பொறாமைப்பட்டதில்லை. அதற்கும் நீதான் வழி பண்ணியிருக்கிறாய்.

ஒரு பொய் தொண்டை வரைக்கும் வந்தது. 'ஒங்களப் பத்தி எங்கிட்ட சொல்லிச் சொல்லிக் கவலப்படுவாம்மா' என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். புண்ணியமாகவும் போயிருக்கும். அவர்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அப்படி எதையாவது சொல்ல மாட்டேனா என்று.

நான் அவர்கள் முட்டியைத் தடவிக் கொடுத்தேன். கீரையை உருவிக் கொடுத்தேன். அந்தப் பொய்யை மட்டும் சொல்லவில்லை. நீ என் முட்டியைப் பற்றித்தான் கேட்டாய், என்னுடையதைப் பற்றி மட்டும்தான் கேட்டாய். அதில் ஒரு துளிகூட யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை ஏட்டி, உன்னைப் பெற்றவளுக்கும்தான்.