கார்னிவல் செவ்வாய் வேலை நாளா என்பது குறித்து

அனுப்புநர்:
மர்வா பப்டீஸ்ட்,
வேடத் தையற்காரி,
மரபெல்லா.

பெறுநர்:
உயர்திரு அன்செல் ராம்கிசூன் அவர்கள்,
பதிவாளர்,
தெற்கு வட்ட வரி மேல்முறையீட்டு மன்றம்,
சான் பெர்னாண்டோ, டிரினிடாட்.

பொருள்: ஒரு நாள் தாமதமாகத் தாக்கல் செய்த வரி மேல்முறையீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டுவதும், நன்றி தெரிவிப்பதும் தொடர்பாக.

பார்வை: என் மேல்முறையீட்டைத் திருப்பி அனுப்பிய தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனுவைப் புகாரில்தான் தொடங்க வேண்டும் என்று என் நாத்தனார் சொல்கிறாள். எனக்கோ நன்றியில் தொடங்காவிட்டால் கை ஓடாது. கார்னிவல் செவ்வாய்க்கு மறுநாளான சாம்பல் புதன் காலையில் நெற்றியில் சாம்பலும் கழுத்தில் ஜிகினாவுமாக நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, எழுத்தர் செல்வி ஷர்லீன் மஹாபீர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, காகிதங்களை வாங்கி முத்திரை குத்தினார். தாமதம் என்று தெரிந்தும் விரட்டாமல் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு என் மனமார்ந்த நன்றி. இதனால் அவருக்கு ஒரு பழிச்சொல்லும் வரக்கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. என் வழக்கு இதுதான். கார்னிவல் திருவிழாவில் வேடமிட்டுத் தெருவில் ஆடும் குழு ஒன்றுக்கு நான் வேடம் தைக்கிறேன். குழுவுக்கென்று வங்கிக் கணக்கு கிடையாது. ஆகவே ஆட்டக்காரர்கள் வேடத்துக்குக் கட்டும் பணம் என் கணக்குக்கு வந்து, இறகுக்கும் மணிக்கும் கம்பிக்கும் துணிக்கும் போய்விடும். என் கையில் நிற்பது தையல் கூலி மட்டுமே. வரி அதிகாரிகள் வந்தது முழுவதையும் என் வருமானம் என்று எழுதிவிட்டார்கள். அத்தனையும் என் வருமானமாக இருந்திருந்தால் நான் ஏன் ஐயா இந்த வயதில் ஊசியும் கையுமாகத் தெருவில் ஓடப்போகிறேன்? மேல்முறையீடு இல்லை என்றால் என் வீடும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தையல் கொட்டகையும் ஏலத்துக்குப் போகும். அந்தக் கொட்டகையை நம்பி என்னைத் தவிர வேறு பெண்களும் இருக்கிறார்கள்.

3. கெடு எப்படித் தவறியது என்று கேட்பீர்கள். காகிதங்கள் எல்லாம் முந்தைய சனிக்கிழமையே தயாராகி என் குளிர்ப்பெட்டியின் மேல் இருந்தன. கடைசி நாள் கார்னிவல் செவ்வாய் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அறிவிப்பின் அடியில், 'கடைசி நாள் விடுமுறையாக அமைந்தால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம்' என்று அச்சிட்டிருக்கிறது. படித்தேன், நிம்மதியாக வேடத்துக்கான பசைப் பானையை அடுப்பில் ஏற்றினேன். கார்னிவல் திங்களும் செவ்வாயும் விடுமுறை இல்லை என்று நான் பிறந்ததிலிருந்து யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், வங்கி மூடியிருக்கும், பல் பிடுங்குபவர்கூட இருக்கமாட்டார். அப்படிப்பட்ட நாளை வேலை நாள் என்று யாருக்கு ஐயா நினைக்கத் தோன்றும்?

4. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குழுவோடு தெருவில்தான் இருந்தேன். உடைவதை ஒட்டுவதும் கழல்வதைக் கட்டுவதும் என் வேலை. நடுவர் மேடைக்குச் சற்று முன்னால், நீலப் பறவை வேடக்காரர் ஒருவர் ஓடி வந்தார். முகம் முழுக்க நீல வண்ணம், தோளில் ஒரு பக்கக் கம்பி கழன்று இறக்கை தரையில் இழுபட்டது.

"ஆன்ட்டி, ரெக்கை போச்சு! இப்படியே மேடை ஏறினா என்னைக் கோழின்னு சொல்லிடுவாங்க."

"கோழியாவது முட்டை போடும். நீ ஆடாம நில்லுப்பா" என்றேன்.

கம்பியை முறுக்கித் தைத்து முடித்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வெயிலோ மண்டையைப் பிளந்தது. அவர் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் பாதாம் மர நிழலில் உட்காரவைத்து, இளநீர் வாங்கி வந்தார். அதற்குள் நீலப் பறவைகள் எல்லாம் மேடை ஏறத் தொடங்கிவிட்டன. மேடையைத் தாண்டும் அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் எங்கள் ஆட்கள் வருடம் முழுக்கச் சேர்த்து வேடம் வாங்குகிறார்கள்.

"போப்பா, உன் கூட்டம் போகுது" என்று விரட்டினேன்.

"போகட்டும் ஆன்ட்டி. மேடை எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க முதல்ல குடிங்க."

பெற்ற பிள்ளைகூட அப்படி உட்கார்ந்திருப்பானா என்பது சந்தேகம். மனம் இளகிப்போய் என் கவலையைக் கொட்டிவிட்டேன். வரி மன்றத்துக்கு மனு போட வேண்டும், கணக்குப்படி இன்றுதான் கடைசி நாள், விடுமுறை என்று நம்பித்தான் வந்தேன், ஆனாலும் வீடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"இன்னைக்கா? இன்னைக்கு எவன் ஆன்ட்டி ஆபீஸ் திறந்து வச்சிருக்கான்? நாளைக்குக் காலையில போங்க, வாங்கிப்பாங்க."

வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

5. மறுநாள் காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றேன். செல்வி ஷர்லீன் நாட்காட்டியைப் பார்த்தார், அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, கார்னிவல் செவ்வாய் லீவு லிஸ்ட்லயே இல்ல. கடவுள் சத்தியமா எனக்கே இப்பதான் தெரியும்."

"அப்போ நேத்து நீ எங்கம்மா இருந்தே?"

"நேத்தா? ரோட்டுலதான்!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருவரும் நின்றோம்.

6. அப்போதுதான் உள்ளறையிலிருந்து கோப்பும் கையுமாக, கோட்டுப் போட்ட ஒருவர் வந்து ஷர்லீனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். குரலைக் கேட்டதும் திடுக்கிட்டேன். அவர் திரும்பியபோது காதுக்குப் பின்னால் நீலம் தெரிந்தது. அந்த நீலத்தைக் குழுவுக்காக வாங்கி வந்தவள் நான்தான் ஐயா. அது சோப்புக்குப் போகாது, தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். அந்த அறை வாசலில் எழுதியிருந்த பெயர் தங்களுடையது. தாங்கள் என்னைப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் பதிவாளரைப் போய் 'நீலப் பறவையே' என்று கூப்பிடுவது மரியாதையா என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். முந்தைய நாள் 'வா, போ' என்று பேசியதற்கும், கோழியைப் பற்றிச் சொன்னதற்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

7. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்னிவலில் ஆடுவது குற்றமென்றால் இந்தத் தீவில் சிறைக்கு வெளியே நிற்க ஆள் இருக்காது. திருப்பி அனுப்பிய கடிதத்தில் இருப்பதும் தங்களுக்காக வேறொருவர் போட்ட கையொப்பம், ஆகவே தங்களுக்கு இது தெரியாமலே நடந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கடிதம் 'செவ்வாய்க்கிழமை வேலை நாள்' என்று சொல்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், அன்று நம் இருவரில் வேலை செய்துகொண்டிருந்தவள் நான் மட்டும்தான் ஐயா.

8. ஆகவே பணிவுடன் வேண்டுவது இதுதான். என் வழக்கில் நான் சொல்வது சரி என்று தாங்கள் எழுத வேண்டாம். அதை நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும், தோற்றால் தோற்றுப்போகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அலுவலகம் பூட்டியிருந்தது என்றும், 'நாளைக்குப் போங்க' என்று என்னிடம் சொன்னது தாங்கள்தான் என்றும் ஒரு வரி எழுதி, இந்த மனுவோடு நீதிபதி முன் வையுங்கள். தங்கள் பதவிக்கு அது சங்கடம் என்பது எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத கிழவிக்காக மேடையை விட்டுக்கொடுத்தவர் என்பதால்தான் கேட்கத் துணிந்தேன்.

9. இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. இளநீரைக் குடித்து நான் எழுந்த பிறகு தாங்கள் மேடைக்கு ஓடினீர்கள். நீலப் பறவைகள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டன, சிவப்பு வேடக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேடைக் காவலர் குறுக்கே கையை நீட்டி, "உன் கூட்டம் போயாச்சு" என்றார். தாங்கள் மரத்தடியில் இருந்த என்னைக் காட்டி ஏதோ சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்தார், தங்கள் இறக்கையைப் பார்த்தார், "சரி, ஓடு!" என்று கையை எடுத்தார். அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒற்றை நீலப் பறவை மேடை முழுக்கத் தாண்டி ஆடியதை நான் கண் நிறையப் பார்த்தேன். என் தையலும் பிரியவில்லை. தாமதமாக வந்தாயே, இறங்கு என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது மேடைக்கு வெளியே நிற்பவள் நான். ஐயா, கையை எடுங்கள்.

என்றும் நன்றி மறவாத,
மர்வா பப்டீஸ்ட்
(கையொப்பம்)

இடம்: மரபெல்லா
நாள்: 27 மார்ச் 2019