மருந்தில் சேராத பொடி

செவ்வாய்க்கிழமை, இரவு

பிரசவத்துக்குப் பிறகு என்னை விடாத மனச்சோர்வுக்கு, திருத்துறைப்பூண்டி டாக்டர் இன்று மாத்திரை எழுதினார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்று கூட வந்த மாமி, என் கணவரின் அம்மா, முந்திக்கொண்டார். தினமும் பாலில் அவர் கலந்து தரும் அமுக்கரா என்கிற அஸ்வகந்தாப் பொடி? வெளியே வந்து கேட்டேன்.

"அது வேருதாம்மா. அதைப் போய் மருந்துன்னு சொன்னா டாக்டரு சிரிப்பாரு."

எம்.எஸ்சி. படித்த நானும் உள்ளே வாயைத் திறக்கவில்லை. துபாயிலிருந்து இவர், "உம்மா நல்லதுக்குத்தானே தர்றாங்க" என்கிறார். நல்லதுக்குத்தான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? தாய்ப்பாலில் இறங்குமா? பயத்தில் இரண்டையுமே தொடவில்லை. நாளையும் இதே கனத்தோடுதான் எழுந்திருப்பேன்.

டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். போவதானால் பிள்ளையை மாமியிடம்தான் விட வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்பார்.