கீழண்டைக் கருவி

செவ்வாய், புரட்டாசி

தூக்கம் வரவில்லை. காலையில் செய்த காரியம் மனசை அறுக்கிறது.

தோல் பாக்டரி வேலையும் விட்டு, பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு, எனக்குப் பேச்சுத்துணை மகன் ராஜன்தான். பெங்களூரிலிருந்து தினமும் போன் பண்ணுவான். "கொல்லைக்குத் தண்ணி விட்டியாப்பா?" என்று ஆரம்பிப்பான். பேச்சு அப்படியே எங்கெங்கோ போகும். போன மாதம் ஆள் வைத்து, கடலை போட்டிருக்கும் கொல்லை மண்ணைச் சோதித்தான். மேலண்டை மணல், கீழண்டை களி என்று படம் போட்டு, ரெண்டு பக்கமும் ஈரம் பார்க்கும் கருவி நட்டார்கள். இப்போது ஈரம் அவன் போனுக்கே போய்விடுகிறது. எனக்குப் போன் வருவதில்லை, மெசேஜ்தான் வரும்: "மேலண்டைக்கு மட்டும் அரை மணி நேரம் விடு." அவன் சொல்கிறபடி விட்டால் கடலை நன்றாகத்தான் வருகிறது.

இன்று கீழண்டைக் கருவியைப் பிடுங்கி வரப்பில் போட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது.

"அப்பா, கீழண்டை ஒண்ணுமே காட்டல. இன்னா ஆச்சு?"

"நாய் கீய் இழுத்திருக்கும்டா. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீதானே பிடுங்கின?"

"ஆமாம்."

"ஏன்பா?"

"சும்மாதான்" என்றேன்.

"மீட்டிங் இருக்குப்பா. சாயந்திரம் பேசறேன்."

இருட்டும்வரை போன் வருமா என்று பார்த்தேன். பிறகு டார்ச்சோடு போய்க் கருவியை நட்டுவிட்டு வந்தேன். கை கழுவுவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது.

"கீழண்டை ஓகே. தேங்க்ஸ்பா."