மூன்றாவது பாட்டு

ஓகஸ்ட் 4, திங்கள்

வெயில். சோளகக் காற்று, முற்றம் முழுக்கப் புழுதி. மனுசி ராணியைக் கிளினிக்குக் கூட்டிப் போய் வந்தேன். வாற கிழமை புதன் ஒப்பரேஷன். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். டொக்டர் அவளைப் பார்த்தே சொன்னார்.

"உயிருக்குப் பயமில்லை அம்மா. ஆனால் பிறகு கதைக்க ஏலாது."

தலையாட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முருங்கைக்காய் வாங்க மறந்த கதைதான், அந்த அடைத்த குரலில்.

செய்ய: ஃபிளாஸ்க். மாட்டுக்கு ஆள். இறுவட்டு தேட.

இறுவட்டு என்றால் எங்கள் பிள்ளையார் கோயில் பக்திப்பாடல் சீடி. கன வருஷத்துக்கு முன் ஒரு தேர் அன்று மேடை போட்டு வெளியிட்டது. மூன்றாவது பாட்டு ராணி பாடியது. அவளின் நல்ல குரல் இருப்பது அதில் மட்டும். இந்த வருஷம் தொடங்கியதில் இருந்து தொண்டைக்குள் மண் போட்ட மாதிரிக் கரகரப்பு. போனில் பேசிப் பதிந்து அனுப்பு என்றால் அவளுக்கு எப்போதும் வெட்கம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மிளகாய்த் தோட்டம். விற்காமல் மிஞ்சிய இறுவட்டெல்லாம் அங்கேதான் தொங்குகிறது, கிளியைக் கலைத்து விரட்ட. கட்டினவன் நான். கிளி அதன் மேலேயே இருக்கிறது. அவிழ்த்துப் பார்த்தேன். பூச்சு உரிந்து வெறும் பிளாஸ்டிக். அதற்குள்ளால் வானம் தெரிகிறது.

அலுமாரிக்குள் உறையோடு ஒன்று கிடைத்தது. போட்டுக் கேட்க எதுவுமில்லை. எங்கள் பாட்டுச் செற்றுக்குள் பல்லி முட்டை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியில் தட்டுப் போடும் வாயே இல்லை, அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். கடைசியில் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டும் சிவாவிடம் போனேன். அவனுடைய பழைய வான் வண்டியில் பிளேயர் இருக்கிறது. உள்ளே இழுத்தது, கறகற என்றது, வெளியே துப்பியது. மூன்று தரமும் அப்படியே.

"அண்ணை, உது செத்துப்போச்சு. இப்ப ஆர் உதெல்லாம் வைச்சிருக்கினம்? நான் போனிலை இருந்துதான் போடுறன்."

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

வெயில். மாடு கன்று ஈன்றது, பெட்டைக் கன்று, நாகு.

ராணியின் தம்பி குகன் கனடாவில் இருந்து போன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தான், உதுக்கோ கவலைப்பட்டனீங்கள்? இஞ்சத்தை எங்கடை ஊர்ச் சங்கம் எல்லாப் பாட்டையும் இன்ரநெற்றிலை ஏத்திப்போட்டினம். இருங்கோ, லிங்க் போடுறன்."

போட்டான். அதே பிள்ளையார் படம், அதே சிவப்பு எழுத்து. மூன்றாவது பாட்டு. அமத்தினேன். பாடுகிறாள்! மாட்டுக்கொட்டிலுக்குள் நின்றே நாலைந்து தரம் கேட்டேன். அழுதேன், எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்.

மேலே ஏறும் இடத்தில் அவள் மூச்சு வாங்குவாள், அது மட்டும் இதில் கேட்கவில்லை. கொம்பியூட்டரில் துப்புரவாக்கியிருப்பார்கள்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாயிற்று. ஜன்னல் பக்கக் கட்டில். பாட்டை நாளைக்கு என்று வைத்திருந்தேன், பொறுக்க முடியவில்லை. பின்னேரம் காதில் மாட்டிவிட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாய்ப் பாடியிருக்கு," என்றாள்.

தன்னைத் தானே புகழ வெட்கம். பிறகு, "இஞ்சருங்கோ, கடைச்சாப்பாடு வேண்டாம். வீட்டை போய்ச் சோறு காய்ச்சிச் சாப்பிடுங்கோ."

பார்வையாளர் நேரம் முடிந்தது.

ஓகஸ்ட் 13, புதன்

மழைக் குணம், பெய்யவில்லை. முடிந்துவிட்டது. நல்லபடியாம். கழுத்தில் ஓட்டை, குழாய். கையைப் பிடித்தாள்.

ஓகஸ்ட் 20, புதன்

சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் எழுதியது: கன்றுக்குப் பால் விடுகிறீங்களோ.

வாட்டில் எல்லாருக்கும் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் குருநகர் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "தங்கச்சி, என்ன குரல் உங்கடை," என்றா. ராணி சிரித்தாள். இப்போது என் போனுக்கு மணியும் அந்தப் பாட்டுத்தான். விறகு கொத்தும்போதும் போட்டுவிடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தரமோ.

செப்ரெம்பர் 4, வியாழன்

புழுக்கம். ராணி வீட்டுக்கு வந்து நாலு நாள். கஞ்சி, குழாய் துடைப்பு, கஞ்சி. நான் பேசினால் பேச்சு, இல்லாவிட்டால் வீடு சத்தமில்லை.

சிவா வந்தான். நாளைக்குக் கொடியேற்றம்.

"அண்ணை, விடியப்பறம் அக்கான்ரை பாட்டைத்தான் முதல் போடப்போறன். பேரையும் மைக்கிலை சொல்லுறன். அக்கா, ஓமோ?"

ராணி சிலேட்டை எடுத்தாள். எழுதி அவனிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தாள். பேர் சொல்ல வேண்டாம். அது நானில்லை.

சிவா மெல்ல நழுவிவிட்டான். குகனுக்கு எடுத்தேன்.

"ஓம் அத்தான், பழைய பதிவு ஒருத்தரிட்டையும் இல்லையெண்டு இஞ்சை ஒரு பிள்ளையைக் கொண்டு திரும்பப் பாடுவிச்சவை. உங்களுக்கு விளங்கியிருக்குமெண்டு நினைச்சன்."

எப்ப தெரியும் என்று அவளைக் கேட்டேன். கேட்டவுடனே, என்று எழுதினாள். அப்போது வாய் இருந்ததே, ஏன் சொல்லவில்லை? சிலேட்டை அழித்து எழுதினாள். நீங்கள் அவ்வளவு சந்தோசமாய் நிண்டீங்கள்.

கூடவே வாழ்ந்தவன் நான். குரல் மாறினது எனக்குத் தெரியவில்லை.

செப்ரெம்பர் 5, வெள்ளி

கொடியேற்றம். போகவில்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வீடு வரை கேட்கிறது, பேர் சொல்லவில்லை. ராணி வாசல் படலையடியில் நின்று கேட்கிறாள்.

குசினிக்குள் அடுப்படியில் நின்று, அவள் அந்தப் பாட்டை எப்படிப் பாடுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த மூச்சு வாங்கும் இடத்தை மட்டுமாவது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனசுக்குள்ளும் கனடாப் பிள்ளைதான் பாடுகிறது.