தனியாகப் போன புதன்கிழமை

இன்று காலைப் பூசைக்குப் போனேன். கோயில் அறிவிப்புப் பலகையில் புதுத்தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை, வாடை வாசல்வரை வந்தது. புதன்கிழமைதோறும் வீடு சந்திக்கப் போகிறவர்களின் பட்டியல். வழக்கம்போல இரண்டிரண்டு பேராகப் பெயர் போட்டிருக்கிறார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு. நீ போய் எட்டு மாதமாகியும் உன் பெயரை எடுக்க மனசில்லாமல் பழைய தாளையே விட்டுவைத்திருந்தார்கள். இன்றைக்கு எடுத்துவிட்டார்கள்.

"வேற ஜோடி போட்டுத் தரட்டுமா?" என்று சிஸ்டர் கேட்டார். "முட்டி வலி சிஸ்டர், இப்ப வேணாம்" என்றேன். கோயில் வாசலில் நின்றே பொய் சொன்னேன். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நாம் ஜோடி சேர்ந்த கதையே வேடிக்கைதான். சீடர்களைச் சேர்க்கும் வேலை சாமியாருக்கும் சிஸ்டர்களுக்கும் மட்டுமில்லை, நம் எல்லாருக்கும்தான் என்று பங்குச்சாமி பிரசங்கம் வைத்துவிட்டு, வீடு சந்திக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடினோம். நீ மட்டும் கையைத் தூக்கினாய். தூக்கினதோடு விட்டாயா? என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்களுடையது பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கோயிலுக்குப் போகிற குடும்பம். நீ கல்யாணமாகி வந்து, முப்பது வயசில் ஞானஸ்நானம் வாங்கினவள். தையல் மெஷினும் வாயும் ஒன்றாக ஓடும் உனக்கு. போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஆண்டவரைப் பற்றிப் பேசுவாய். உன்னோடு பஸ்ஸில் போகவே கூச்சப்படுவேன்.

ஆனால் வீடுகளுக்குப் போனால் நீ வேறு ஆள். ரெண்டு வசனம் வாசித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நான் வாசலிலேயே பைபிளை எடுப்பேன். "உள்ள வைடி. மொதல்ல அவங்க பேசட்டும். நம்ம சாமிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்பாய். ஒருத்தர் வீட்டில் மாமியார் சண்டை, ஒருத்தர் வீட்டில் சர்க்கரை வியாதி. எல்லாம் கேட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாய். திரும்பும்போது நான் கிண்டல் பண்ணுவேன். "நாலு வருஷமா சுத்துறோம். ஒரு ஆளையாவது கோயிலுக்குக் கூட்டியாந்தியா நீ?" என்பேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அரியாங்குப்பத்து வீட்டுக்குப் போன நாளை இத்தனை நாளும் நினைக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் அக்கா. கடலூர் ரோட்டில் பைக் விபத்தில் மகன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீ அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாய். எனக்குத்தான் அந்த மௌனம் தாங்கவில்லை. நாலு வருஷம் வாய் திறக்காதவள் அன்றைக்குப் பார்த்துத் திறந்தேன். "கடவுளுக்குப் புடிச்சவங்கள அவரு சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு அக்கா" என்றேன்.

அந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், எனக்குப் புடிக்கலியா அவன?" என்று கேட்டார். எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்து நின்றார். நாம் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

பஸ் ஸ்டாப்பில் நீ என்னைத் திட்டவில்லை. "மன்னிப்பு கேக்கணும்டி. நான் கூட வரேன், நீ கேளு" என்றாய், அவ்வளவுதான். அடுத்த புதன் எனக்குத் தலைவலி. அதற்கடுத்த புதன் வீட்டுக்கு விருந்தாளி. அப்புறம் மழை. நீயும் ஒவ்வொரு வாரமும் கேட்டாய், நானும் ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அப்படியே ஆறு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உனக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

கல்லறையில் மண் போட்டுவிட்டு நின்றேன். வந்தவர்களெல்லாம் என் தோளைத் தட்டி, "ஆண்டவருக்குப் புடிச்சவங்க, கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்கள். நல்ல மனுஷர்கள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கோ ஒவ்வொருத்தரையும் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. என் வாயிலிருந்து அன்றைக்கு வந்தது எப்பேர்ப்பட்ட சொல் என்று அப்போதுதான் புரிந்தது.

சிஸ்டரிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவள், வீட்டுக்குப் போகாமல் அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்கு ஏறினேன் என்று கேட்காதே. பாலம் தாண்டும்போது இறங்கிவிடலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் போனில் கத்திக்கொண்டு வந்தார். நீ இருந்திருந்தால் அவரிடமும் பேச்சுக் கொடுத்திருப்பாய்.

அந்த அக்காதான் கதவைத் திறந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். "டைலரம்மா எங்க? ரொம்ப நாளா ஆளையே காணோம். போனும் போவல" என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. "போயிட்டாங்க அக்கா. எட்டு மாசம் ஆவுது" என்றேன். "அய்யய்யோ" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அழுதேன். எட்டு மாதத்தில் யார் முன்னாலும் அப்படி அழவில்லை. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்துவிட்டுச் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு அக்கா. மன்னிச்சிடுங்க."

"அதுக்கு அந்தம்மா மறு வாரமே வந்து மன்னிப்பு கேட்டுட்டாங்க" என்றார் அவர். "அதுக்கப்புறமும் நாலஞ்சு தடவ தனியா வந்தாங்க. எம் புள்ளையப் பத்தி மணிக்கணக்குல பேசுவேன், கேட்டுக்கிட்டே இருப்பாங்க. உன்ன நான் திட்டுனேன். அதுக்கு, 'அவள வுட்றாதீங்க, அவளே ஒரு நாள் வருவா'ன்னாங்க."

அடிப்பாவி! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. நீ இருக்கும்போதே வந்திருப்பேனே. இல்லை, வந்திருக்க மாட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த அக்கா, "அவங்க ஏன் அப்படி ஊர் ஊரா சுத்துனாங்க? என்ன கெடச்சுது?" என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உன்னைச் சொல்லப் போனால் ஆண்டவரைச் சொல்லாமல் முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கூச்சமில்லாமல் அவரைப் பற்றி ஒருத்தரிடம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்கு வாங்க என்று நான் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமே இல்லை. பக்கத்தில் உட்காரவும் ஆள் இல்லை. நாலு வருஷத்தில் ஒரு ஆளையாவது கூட்டி வந்தாயா என்று உன்னைக் கேட்டேனே, அதற்குப் பதிலை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கூட்டி வந்தாய், ஒருத்தியை. பிறந்த நாளிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவளை.