மம்சாபுரத்திலிருந்து வந்த கல்யாண சிடி

நேற்று மதியம் மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி என் ஸ்டுடியோவுக்கு வந்து, பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து வைத்தாள். உறையில் உன் கையெழுத்து. பச்சை மையில் எழுதி மூலையில் ஒரு மல்லிகைப்பூ வரைவாயே, அதே பூ.

"எங்கப்பா இதுலதான்க்கா இருக்காவ. எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓட மாட்டேங்குது" என்றாள். திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறாள்.

எண்பதுகளில் பாலிடெக்னிக்கில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்க வந்தேன். நீ ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தாய். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு முழுக் கல்யாணத்தையும் ஒரே சிடிக்குள் சுருக்கி அடக்க நீயாக ஒரு வழி கண்டுபிடித்தாய். அதைப் பார்க்க நீ எழுதிய புரோகிராம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கட்டுமே என்று அதைச் செய்முறையோடு இன்டர்நெட்டில் சும்மாவே கொடுத்தாய். சிடி வந்த தெம்பில், நம் ஜனங்கள் கல்யாணக் கேசட்டின் மேலேயே சினிமாவைப் பதிந்துகொண்டார்கள். நாம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அப்படிச் சுருக்கும் முறைக்குத் தாங்கள் பேட்டன்ட் வாங்கியிருப்பதாகச் சொல்லி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது. இன்டர்நெட் இணைப்பு, நீ நாயனா என்று கூப்பிடும் உன் அப்பா பேரில் இருந்ததால் நோட்டீசும் அவர் பேருக்கே வந்தது. போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காத மனிதர். சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் யாரு வீட்டுலயும் திருடலட்டி. கணக்கு நானே போட்டது. அதுக்கு எதுக்கு அவியகிட்ட கேக்கணும்?" என்று கொதித்தாய். மதுரை வக்கீலிடம் போனோம். "யார் யோசிச்சாங்கங்கிறது பேச்சில்லம்மா, யார் முதல்ல பதிஞ்சாங்கங்கிறதுதான். இந்தியாவுல இது செல்லுமான்னே சந்தேகம். ஆனா கேஸ்னு வந்தா அவங்க ஊர்க் கோர்ட்டுக்கு யார் அலையிறது?" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், "நாயனா சாப்பிடணும்ட்டி, எனக்கு அது போதும்" என்றாய்.

புரோகிராமை யாருக்கும் கொடுக்க மாட்டேன், செய்முறையைச் சொல்லவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாய். அதற்கு முன் கொஞ்ச நாள் தவணை மட்டும் கேட்டு வாங்கினாய். ஊர் ஊராகச் சொல்லி அனுப்பி, வந்தவர்களுக்கெல்லாம் சிடியிலிருந்து கேசட்டுக்கு மாற்றிக் கொடுத்தோம். கான்சாபுரத்திலிருந்து ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்து, மாற்றும்போதே கல்யாணத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனது. ஊரில் இல்லாதவர்கள் விடுபட்டுப்போனார்கள்.

கடைசியில் உன் கம்ப்யூட்டரை என் ஸ்டுடியோவில் கொண்டுவந்து வைத்தாய். "எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இத மட்டும் மனசு வரல. என்கிட்ட கேக்காம யாருக்கும் குடுக்காதட்டி." அதன் பிறகு நீ புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. உன்னை நோய் கொண்டுபோன மறு வருடம் அந்தப் பேட்டன்ட் காலாவதியானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நேற்று அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து ஓட்டினேன். சிடி திக்கித் திக்கித் திறந்தது. பந்தியில் அந்தப் பெண்ணின் அப்பா, "ஏலே, அந்த இலைக்குச் சாம்பார் ஊத்துலே!" என்று சத்தம் போட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்து திரைக்கு வெளியிலிருந்து உன் குரல்: "ஏட்டி, லைட்டு கண்ணுல குத்துது, செத்தத் தள்ளிப் பிடி!" அன்று நான் வீடியோ எடுக்க, நீ விருந்தாளியாக வந்திருந்தாய். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

யாருக்கும் உரிமை கட்ட வேண்டாத ஒரு பொது வடிவில் அவளுக்கு மாற்றிக் கொடுத்தேன். இன்னும் எத்தனை வீட்டு அலமாரியில் உன் மல்லிகைப்பூ கிடக்கிறதோ? உன் புரோகிராமைச் செய்முறையோடு மறுபடி எல்லோருக்கும் கொடுக்க நினைக்கிறேன். வக்கீலிடம் கேட்டேன், இனி எந்தக் கம்பெனியையும் கேட்க வேண்டியதில்லை என்றார்.

உன்னைத்தான் கேட்க வேண்டும். குடுக்கட்டுமாட்டி?